உளுந்துக்கும் ஒரு தேதி உண்டு



நான் விவசாயி இல்லை. இதழியல் படித்துவிட்டுத் தகவல் எழுதுகிற வேலையில் இருக்கேன். ஆனா டெல்டாக்காரன்.

எங்க தாத்தா வயலும் சித்தப்பா வயலும் ஒரே வாய்க்கால் ஓரம். ஒரு வருஷம் இரண்டு பேரும் ஒரே மூட்டையிலிருந்து உளுந்து விதை எடுத்தாங்க. தாத்தா தை முதல் வாரத்திலேயே விதைச்சுட்டார். சித்தப்பாவுக்கு அறுவடை மெஷின் கிடைக்கத் தாமதமாகி, மாசி பிறந்து பத்து நாள் போயிடுச்சு. தாத்தா வயலில் செடி முழங்கால் உயரம். சித்தப்பா வயலில் கணுக்கால் உயரம், காயும் கொஞ்சம்தான். அதே விதை, அதே மண். மாறியது தேதி மட்டும்தான்.

ஏன் இப்படி? நெல் தரிசு உளுந்துக்கு உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. நெல் விட்டுவைத்த ஈரமும் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. அந்த ஈரம், பணம் போடாத வங்கிக் கணக்கு மாதிரி. நாளுக்கு நாள் குறையும்.

ஆடுதுறை 3 ரகம் 70 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும். ஜனவரி 20-ல் விதைத்தால் பிப்ரவரி கடைசியில் பூக்கும், ஏப்ரல் தொடக்கத்தில் அறுக்கலாம். பிப்ரவரி 20-ல் விதைத்தால் பூவும் பிஞ்சும் மார்ச் கடைசி, ஏப்ரல் வெயிலில் மாட்டிக்கொள்ளும். ஈரமும் இருக்காது. பூ கொட்டும், மணி சிறுக்கும். வெள்ளை ஈ பெருகினால் மஞ்சள் தேமல் நோயும் சேர்ந்துகொள்ளும்.

அதற்காக அவசரப்படவும் கூடாது. தண்ணீர் நிற்கும் வயலில் தெளித்தால் விதை அழுகிவிடும். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கையால் அறுக்கும் வயலில், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நெற்பயிருக்குள் தெளிப்பது வழக்கம். மெஷின் என்றால் அதன் தேதியை முன்கூட்டியே உறுதி செய்வது முக்கியம்.

இங்கேதான் உங்க போன் உதவும். உழவன் செயலியில் விதை இருப்பு, வானிலை, இயந்திர வாடகை விவரங்களைப் பார்க்கலாம். பயிர்க் காப்பீட்டில் ராபி உளுந்துக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதம்தான். உங்க மாவட்டத்துக்கான கடைசித் தேதியைப் பார்த்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று வாங்கி வைச்சுக்கோங்க.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டதா? பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பது காய் பிடிக்க உதவும். ஆனா போன நாளை அது திருப்பித் தராது.

நகரத்தில் இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாகிட்ட, "மெஷினுக்குச் சொல்லியாச்சா, விதை வாங்கியாச்சா?" என்று கேளுங்க. இல்லைன்னா, அங்கேயே போனை எடுத்துப் பாருங்க.