ஊட்டுல செஞ்சதுதானே!

(நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் கற்ற மூவர் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



"வீட்டிலிருந்து ஒரு தொழில் செய்யலாமா?" என்ற தலைப்பில் பேசுமாறு சங்கம் எங்களைக் கேட்டுக்கொண்டது. இப்படியான மேடைகளுக்குப் பெரிதாக முன்னுக்கு வந்தவர்களைத்தான் அழைப்பது வழக்கம். நாங்கள் அப்படி முன்னுக்கு வந்தவர்களல்லர். வீட்டுக் குசினியில் தொழில் தொடங்கி, இரண்டு வருடம் ஓடி, நடுவில் நின்று கணக்குப் பார்த்து, வழியை மாற்றிக்கொண்டவர்கள். அந்தக் கணக்கை உங்கள் முன் வைப்பதற்கே வந்திருக்கிறோம்.

மருதமுனையில் பிறந்தவர்களுக்கு இந்தத் தலைப்பே சற்று வேடிக்கையாக இருக்கும். நமது ஊரில் தொழில் எப்போது வீட்டை விட்டு வெளியே போனது? தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து பாடம் மனனம் செய்தவர்கள் நாம். பாடசாலை விட்டு வந்து, வெள்ளை உடுப்பை மாற்றிய கையோடு தார் சுற்ற உட்கார்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்! நூல் சுற்றியது மூத்தம்மா, தார் சுற்றியது நாம், சாயம் தோய்த்த நூலை வெயிலில் காயப்போட்டு எடுத்தது உம்மா. ஆனால் பாடசாலைப் படிவத்தில் வாப்பாவின் தொழில் என்ற இடத்தில் "நெசவு" என்று எழுதிய நாங்கள், உம்மாவின் தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினோம். ஒரே சாரனுக்குள் இரண்டு பேருடைய உழைப்பு இருந்தது. தொழில் இருந்ததோ ஒருவருக்கு மட்டும்.

எங்கள் குசினித் தொழிலிலும் இதே பிழையைத்தான் நாங்கள் செய்தோம். அதைச் சொல்வதற்கு முன், வீட்டுத் தொழில் நமது ஊருக்குக் கற்றுத்தந்த வேறு மூன்று பாடங்களையும் ஞாபகப்படுத்த வேண்டும்.

முதலாவது, சந்தை நமது கையில் இல்லை. 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுத் துணி வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது உள்ளூர்க் கைத்தறிக்கு நல்ல காலம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணிகள் மலிவாக வந்து குவிந்தன. நெசவாளியின் கை அதே கைதான். ஆனால் அவர் நெய்ததை வாங்க ஆள் குறைந்தது.

இரண்டாவது, வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒரே ஆபத்து இரண்டையும் கொண்டுபோகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதியை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம்தான். உயிர் தப்பியவர்களிலும், கடலோரத்தில் வீட்டோடு தறி வைத்திருந்தவர்கள் தங்கும் இடத்தையும் உழைக்கும் இடத்தையும் ஒரே காலைப்பொழுதில் இழந்தார்கள்.

மூன்றாவது, கைத்தொழில் என்பதால் வெளியாரின் தயவு தேவையில்லை என்று நினைக்கக்கூடாது. 2022இல் நாடே இருளில் கிடந்தபோது கைத்தறிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஆனால் நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. ரூபாயின் பெறுமதி விழுந்ததும் அவற்றின் விலை ஏறியது. தறி நமதாக இருந்தாலும் நூலின் விலை டொலரின் கையில்தான் இருந்தது.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறோம்.

நாங்கள் மூவரும் ரோல்ஸும் சமோசாவும் செய்து கடைகளுக்குக் கொடுத்தோம். சுபஹுக்குப் பிறகு தொடங்கினால் பகல் வரை வேலை. சுவையில் யாரும் குறை சொன்னதில்லை. ஊரிலும் நல்ல பெயர். "மாஷா அல்லாஹ், பிள்ளைகள் நல்லா உழைக்கிறாங்க" என்று மாமிமார் சொல்லும்போது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை. எங்கே போகிறது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கும் நிலைமைக்கு வந்துவிட்டோம். சிறுவயதிலிருந்து ஒன்றாகப் பழகியவர்களுக்கு அதைவிடக் கஷ்டம் வேறில்லை.

ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு, அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதினோம். 200 ரோல்ஸ், ஒன்று 60 ரூபாய்ப்படி 12,000 ரூபாய். மா, முட்டை, இறைச்சி, கிழங்கு, தூள் வகை 8,400 ரூபாய். எரிவாயு, எண்ணெய், பை, கொண்டுபோகும் கூலி 1,400 ரூபாய். மிச்சம் 2,200 ரூபாய். மூன்று பேர், ஆளுக்கு ஏழு மணித்தியாலம், மொத்தம் 21 மணித்தியாலம். பிரித்துப் பார்த்தால் ஒரு மணித்தியால உழைப்புக்கு 105 ரூபாய்கூட இல்லை. இதற்குள் தண்ணீர்க் கட்டணம் இல்லை, மின்கட்டணம் இல்லை, குசினிக்கு வாடகை இல்லை. கடைக்காரர்கள் திருப்பித் தந்த பழுதான ரோல்ஸும் இல்லை. காசு எங்கேயும் களவு போகவில்லை. எங்கள் விலைக்குள் எங்களுடைய கூலியே இருக்கவில்லை.

ஏன் அந்த விலைக்குக் கொடுத்தோம்? கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஊட்டுல செஞ்சதுதானே, கொறச்சித் தாங்க." உண்மையைச் சொன்னால் எங்கள் மனதிலும் அந்த வார்த்தைதான் இருந்தது. வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே, சும்மா இருக்கிற அடுப்புத்தானே, எரிகிற லைட்டுத்தானே என்று நாங்களே நினைத்தோம். உம்மாவின் தொழில் "இல்லை" என்று எழுதிய அதே பேனையால் எங்கள் கணக்கையும் எழுதியிருக்கிறோம்.

அந்தக் கொப்பி இன்னொரு ஆபத்திலிருந்தும் எங்களைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ். அந்த நாட்களில் பெரிய அவனும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்கக் கடன் எடுப்பதென்று பேசியிருந்தோம். பிணையாக வைக்க நினைத்தது எங்களில் ஒருத்தியின் வீட்டு உறுதியை. நமது பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு எழுதப்படுவது பரம்பரை வழக்கம். வாப்பாவும் நானாமாரும் வருடக்கணக்கில் உழைத்துக் கட்டிக்கொடுக்கும் வீடு அது. கணவன் உழைக்க முடியாமல் போனாலும், என்ன நடந்தாலும், அவளும் பிள்ளைகளும் தலை சாய்க்க இருப்பது அந்தக் கூரைதான். சுனாமிக்குப் பிறகு நிவாரண வீடுகளுக்கு யாருடைய பெயரில் உறுதி எழுதுவது என்ற கேள்வி வந்தபோது, கிழக்கில் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்ததும் இதனால்தான். மணித்தியாலத்துக்கு 105 ரூபாயும் தராத ஒரு தொழிலுக்காக அந்த உறுதியை வங்கி மேசையில் வைக்கப் பார்த்தோம். வட்டியைப் பற்றி மார்க்கம் சொல்வதை ஒரு பக்கம் வைத்தாலும், வெறும் கணக்காகப் பார்த்தாலும் அது பிழை.

ஆகவே, வீட்டிலிருந்து தொழில் செய்யலாமா என்று யோசிக்கும் தங்கைமாருக்கு நாங்கள் சொல்வது: என்ன விற்பது என்று யோசிக்கும் முன், உங்கள் வீடு அந்தத் தொழிலுக்கு எதைக் கொடுக்கிறது என்று எழுதுங்கள். இடம், நேரம், உங்கள் கை, பிள்ளைகளின் உதவி எல்லாவற்றுக்கும் ஒரு விலை போடுங்கள். அந்த விலையையும் சேர்த்த பிறகு உங்கள் சாமானை வாங்க ஆள் இருந்தால், அது தொழில். இல்லையென்றால், உங்கள் வீடு பிறருக்கு இலவசமாக வேலை செய்கிறது.

அடுத்து, தொழில் யாருடையது என்று பாருங்கள். முதலாளி நூல் தருகிறார், நாம் வீட்டில் நெய்கிறோம், துண்டுக்கு இவ்வளவென்று கூலி. தையலிலும் அப்படித்தான். அது ஹலாலான உழைப்பு, அதில் குறைவில்லை. ஆனால் அது நமது சொந்தத் தொழில் அல்ல; கூலி வேலை. இப்படி வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் ஏனைய தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேச தொழில் தாபனம் 1996இல் ஒரு சமவாயத்தையே நிறைவேற்றியிருக்கிறது. கூலிக்குச் செய்கிறோம் என்று தெரிந்தால்தான் கூலியைப் பேச வாய் வரும்.

எல்லா வேலையும் வீட்டுக்குள் நடக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். பம்பாயில் 1959 மார்ச் 15ஆம் திகதி ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போடத் தொடங்கினார்கள். அதுதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த லிஜ்ஜத் அப்பளம். அங்கே மா குழைப்பது பொது இடத்தில். பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உருட்டி, காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறுவார்கள். தரம் பார்ப்பதும் விற்பதும் சங்கத்தின் பொறுப்பு. உருட்டுகிற ஒவ்வொருத்தியும் பங்காளி. ஒரு வேலையை மட்டும் வீட்டுக்கு எடுத்து, மற்றவற்றை வெளியே வைத்ததால், தனித்தனிக் குசினிகளால் முடியாதது அவர்களுக்கு முடிந்தது.

சில நடைமுறை விடயங்களையும் சொல்லிவிடுகிறோம். சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரில் வியாபாரம் செய்வதென்றால் பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். அது உங்கள் பெயரில் இருக்கட்டும். உணவுப் பொருள் என்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டுக் குசினிக்கும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பிடிக்கும் வரை காத்திராமல் நீங்களே போய்க் கேளுங்கள். நல்ல ஆலோசனை கிடைக்கும். வீட்டுச் செலவுப் பணமும் தொழில் பணமும் ஒரே டப்பாவில் கிடக்க வேண்டாம். கடன் கொடுத்தால் எழுதுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், சூறா அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. சொந்தக்காரரிடம் எப்படி எழுதிக் கேட்பது என்று வெட்கப்படுபவர்கள் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண் தொழில் செய்வது நமக்குப் புதிதுமல்ல. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகக் கூட்டங்களை அனுப்பியவர்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைவேலை செய்து, அதில் வந்ததை ஸதகாவாகக் கொடுத்தவர்கள். கொடுப்பதற்குக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டுமல்லவா?

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கணக்குப் பார்த்த அடுத்த மாதம் கடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினோம். எங்களில் ஒருத்தி வெளியே வேலைக்குப் போகிறாள். அது அவளுக்கு நல்ல முடிவாக அமைந்தது. மற்ற இருவரும் முற்பணம் தரும் ஓடர்களுக்கு மட்டும் செய்கிறோம். விலைக்குள் எங்கள் கூலியும் இருக்கிறது. ஓடர்கள் குறைந்தன, சிலர் எங்களைப் பெருமைக்காரிகள் என்றும் சொன்னார்கள். ஆனால் மாதக் கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கிறோம். வீட்டு உறுதி அலுமாரியில்தான் இருக்கிறது.

கடைசியாக, கொழும்பிலும் கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது தறிச் சாரியோ சாரனோ, ஒரு போத்தல் அச்சாறோ வாங்குவீர்கள். அப்போது "ஊட்டுல செஞ்சதுதானே" என்று விலை குறைக்காதீர்கள். வீட்டில் செய்தது என்பதால்தான் அதற்குள் ஒரு உம்மாவின் நித்திரையும், ஒரு பிள்ளையின் விளையாட்டு நேரமும் சேர்ந்திருக்கிறது. அந்த விலையைக் கொடுங்கள்.

இந்தப் பாடசாலையில் இப்போது படிக்கும் பிள்ளைகள் இனி ஒரு படிவம் நிரப்பும்போது, உம்மாவின் தொழில் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதட்டும்.

வஸ்ஸலாம்.