தராசின் முன் நிற்கும் பிள்ளைகள்



பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறாகிய இன்று, முதல் வாசகத்தில் இறைவாக்கினர் ஆமோஸ் சில வியாபாரிகளை நம் கண்முன் நிறுத்துகிறார். அவர்கள் வழிபாட்டுக்கு வராதவர்கள் அல்லர். ஓய்வுநாள் அன்று கடையை ஒழுங்காக மூடுகிறவர்கள்தான். ஆனால் கடை மூடியிருக்கும்போதும் மனம் தராசின் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த நாள் எப்போது முடியும், மரக்காலை எவ்வளவு சிறிதாக்கலாம், எடைக்கல்லில் எவ்வளவு கூட்டலாம், தராசை எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்பதே அவர்களுடைய தியானமாக இருக்கிறது.

இந்த வாசகத்தைக் கேட்டதும் நமக்கு மளிகைக்கடையும் மீன் மார்க்கெட்டும் நினைவுக்கு வரும். இந்த ஆண்டு நமக்கு நினைவுக்கு வந்தது வேறோர் எடை மேடை. அதன்மேல் ஒரு சிறுவன் தலைக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

நம் பங்கைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர், கார்ட் பந்தயங்களில் வண்டிகளைச் சோதிக்கும் குழுவில் விடுமுறை நாள்களில் பணியாற்றுகிறார். அவருடைய அழைப்பின்பேரில் ஒரு நாள் போய்ப் பார்த்தோம். கார்ட் என்பது தரையோடு தரையாக ஓடும் சின்னஞ்சிறு பந்தய வண்டி. நான்கு சக்கரம், ஓர் இருக்கை, பின்னால் ஓர் எஞ்சின். கூரையும் இல்லை, கதவும் இல்லை, குலுங்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கும் இல்லை. 1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் இரும்புக் குழாய்களை வளைத்து, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி முதல் வண்டியைச் செய்தார் என்பார்கள். செனாவும் ஷூமாக்கரும் ஹாமில்டனும் சிறுவயதில் இதில்தான் தொடங்கினார்கள். அதனால் இன்று எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளை ஓட்டவைத்து, கம்பி வேலிக்கு வெளியே பெற்றோர் நெஞ்சு படபடக்க நிற்கிறார்கள்.

பந்தயத்தில் முதலில் வந்தால் வெற்றி என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. ஓட்டம் முடிந்ததும் வண்டிகள் எல்லாம் வேலி போட்ட ஓர் இடத்துக்குள் போகின்றன. அங்கே அப்பா அம்மாவுக்கோ மெக்கானிக்குக்கோ அனுமதியில்லை. எடை பார்க்கும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார் நம் பொறியாளர். வண்டியும் ஓட்டுநரும் தலைக்கவசமும் காலணியும் சேர்ந்து குறைந்தபட்சம் இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒல்லியான பிள்ளையென்றால் இருக்கையில் ஈயத் தகடுகளைப் போல்ட் போட்டு முறுக்கி எடையைச் சரிக்கட்டுகிறார்கள். லேசான வண்டி வேகமாகப் போகும் என்பதால்தான் இந்த விதி.

நாம் பார்த்த அந்தச் சிறுவன் மூன்றாவதாக வந்திருந்தான். எடை மேடை 400 கிராம் குறைவு என்று காட்டியது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடியும் அதே 400 கிராம். அவனுடைய ஓட்டம் கணக்கில் சேராது என்று ஆகிவிட்டது. வேலிக்கு வெளியே நின்ற தகப்பனார் கொதித்துப்போனார். "இந்த வெயிலில் பிள்ளைக்கு வியர்வையாகவே அரைக் கிலோ போயிருக்கும். இது ஒரு குற்றமா?" என்று கத்தினார். பிறகு, வேறு வண்டிகளின் எஞ்சினைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கிறது அசல் திருட்டு என்றார். யார் வண்டி என்றும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால், முதலில் நம் மனமும் அந்தத் தகப்பனார் பக்கம்தான் சாய்ந்தது. கோவில் திருவிழாவுக்கு அரிசி அளந்து போடுகிறவர்கள் நாம். 400 கிராமெல்லாம் ஒரு கணக்கா? ஆனால் நம் பொறியாளர் அமைதியாக ஒன்று சொன்னார்: "ஃபாதர், வியர்க்கும் என்று அவருக்குக் காலையிலேயே தெரியும். ஒரு கிலோ கூடுதலாக வைத்து ஓட்டியிருக்கலாம். கூடுதலாக வைத்தால் கொஞ்சம் வேகம் குறையுமே என்று கோட்டை ஒட்டியே வைத்தார். கோடு இன்று அவரைத் தாண்டிவிட்டது."

அந்த வார்த்தை நம்மை விடவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் எந்தக் குருவுக்கும் அந்தக் கேள்வி பழக்கமானது. "ஃபாதர், இதுவரைக்கும் போனால் பாவமா, அதற்கு மேல் போனால்தானே பாவம்?" கோட்டுக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்பதுதான் கேள்வி. எதிர்த்திசையில் ஒரு கிலோ தள்ளி நின்றால் என்ன என்று யாரும் வந்து கேட்டதில்லை.

இத்தனை விதிகள் எதற்கு என்று நாமும் கேட்டோம். சில பந்தயங்களில் எஞ்சினுக்கே சீல் வைத்திருக்கிறார்கள்; திறந்தால் சீல் அறுந்துவிடும், அதன் எண் ஏட்டில் பதிவாகியிருக்கும். சந்தேகம் வந்தால், எஞ்சினுக்குள் பற்றவைக்கும் ஈயக்கம்பியின் ஒரு துண்டை நுழைத்துச் சுழற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்து, உள்ளே யாராவது உலோகத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கிறார்கள். டயரில் ரசாயனம் தடவி ரப்பரை மென்மையாக்குகிறவர்கள் உண்டு. அதை முகர்ந்து பார்க்கவே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ரோட்டக்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் உலக இறுதிப் போட்டியில் இன்னும் ஒருபடி மேலே போய், வண்டியையும் எஞ்சினையும் தாங்களே கொடுக்கிறார்கள். யாருக்கு எந்த எஞ்சின் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். திருத்தூதர்கள் மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டது நமக்கு நினைவுக்கு வந்தது. இதெல்லாம் ஒரே நோக்கத்துக்காகத்தான். அப்பாவின் பணப்பை ஓடக் கூடாது, பிள்ளை ஓட வேண்டும்.

இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற நகரம். அங்கே 1935இலிருந்து, எஞ்சினே இல்லாத சிறு வண்டிகளைச் சரிவில் உருளவிடும் சிறுவர் பந்தயம் நடந்து வருகிறது. வண்டியைப் பிள்ளை தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்தில் அதன் உயிரான விதி. 1973 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலிருந்து வந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் வென்றான். பெயரை விட்டுவிடுவோம், அவனும் இப்போது தாத்தா ஆகும் வயதில் இருப்பான். ஒவ்வொரு சுற்றிலும் புறப்படும் நொடியிலேயே அவன் வண்டி மட்டும் முன்னால் பாய்ந்தது அதிகாரிகளுக்கு உறுத்தியது. வண்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூக்குப் பகுதிக்குள் ஒரு மின்காந்தமும், அதற்கு மின்சாரம் தரும் பேட்டரியும் இருந்தன. சரிவின் உச்சியில் வண்டிகளை நிறுத்தி வைத்திருப்பது ஓர் இரும்புத் தகடு. பந்தயம் தொடங்கும்போது அது முன்பக்கமாகச் சாயும். சாயும் தகட்டைக் காந்தம் பற்றிக்கொள்ள, வண்டியும் கூடவே இழுபட்டு முன்னேறும். வென்ற இரண்டாம் நாள் பட்டத்தைப் பறித்து, இரண்டாவதாக வந்த கலிபோர்னியச் சிறுவனுக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் காந்தத்தின் சுவிட்ச் எங்கே இருந்தது தெரியுமா? தலை சாயும் இடத்தில். தலையைச் சற்றே பின்னுக்கு அழுத்தினால் போதும். பார்க்கிறவர்களுக்குப் பையன் நிமிர்ந்து உட்காருவதுபோல் இருக்கும்.

காந்தத்துக்குப் பின்னால் இருந்தவர் அவனுடைய மாமா என்று தெரியவந்தது. அந்த வீட்டில்தான் பையன் வளர்ந்துவந்தான். மாமா சாதாரண ஆள் அல்லர். பனிச்சறுக்குக் காலணி செய்து புகழ்பெற்ற தொழிலதிபர். முந்தைய ஆண்டு அதே பந்தயத்தில் வென்றது அவருடைய சொந்த மகன். மற்றவர்களும் விதியை மீறித்தான் ஜெயிக்கிறார்கள், நம் பையனுக்கும் சம வாய்ப்பு வேண்டாமா என்ற பாணியில் அவர் விளக்கம் தந்தார். சிறுவனைத் தவறான வழியில் தூண்டியதாக அவர்மேல் வழக்கு வந்தது. சிறுவர் மன்றம் ஒன்றுக்கு 2,000 டாலர் கொடுத்ததோடு அது முடிந்தது. செல்வந்தருக்கு அது பெரிய தொகையாக இருந்திருக்காது. ஆனால் உலகத்தின் முன் மோசடிக்காரன் என்று பெயர் வாங்கியது அந்தப் பிள்ளை.

இன்றைய நற்செய்தியில் லூக்கா சொல்லும் வீட்டுப் பொறுப்பாளரை நினைத்துப் பாருங்கள். அவன் தன் கையால் கணக்கை மாற்றவில்லை. கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, உன் சீட்டை எடு, நீயே உட்கார்ந்து குறைத்து எழுது என்கிறான். அடுத்தவர் கையாலேயே எழுத வைக்கிறான். அந்த மாமாவும் காந்தத்தைக் கொடுத்தார். தலையைச் சாய்க்க வேண்டியது பையன்தான். சிறியதில் உண்மையாக இருப்பதைப்பற்றி ஆண்டவர் இந்த உவமையை அடுத்துத்தான் பேசுகிறார். தலையைச் சாய்ப்பதைவிடச் சிறிய செயல் எது?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக் கண்காட்சியில் நிற்கும் எரிமலைகளும் சூரியக் குடும்பங்களும் யார் செய்தவை என்று நமக்குத் தெரியாதா? பாதியைக் கடையில் காசுக்குச் செய்து கொடுக்கிறார்கள். மீதியை அப்பா இரவு இரண்டு மணிவரை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை மறுநாள் பக்கத்தில் நின்று, "இது நான் செய்தது" என்று நடுவரிடம் சொல்கிறது.

நம் பங்கும் இதிலே சேர்த்திதான். பல ஆண்டுகளுக்கு முன் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், ஒருவர் அலுவலக அறைக்கு வந்தார். மகன் 12 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியில் சேர வேண்டும், பதின்மூன்று நடக்கிறது, திருமுழுக்குச் சான்றிதழில் ஓர் ஆண்டை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். பையனும் கூடவே நின்றான். நாம் என்ன செய்தோம்? முடியாது, அது பொய் என்று சொல்லவில்லை. பதிவேடு பெரிய ஃபாதரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லை என்று தட்டிக் கழித்தோம். பதிவேடு நம் மேசைமேல்தான் இருந்தது. ஒரு பொய்யை மறுப்பதற்கு இன்னொரு பொய்யை எடுத்தோம். பையன் அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த வயதுதான் அவனுக்கு.

சரி, அநீதி உண்மையிலேயே நம் பிள்ளைக்கு நடந்தால்? விதியை மீறியவன் வேறொருவன் என்றால்? இதுவும் முக்கியமான கேள்வி. 2020 அக்டோபரில் இத்தாலியின் லோனாட்டோ என்ற ஊரில் கார்ட் உலகப் போட்டி நடந்தது. ஒரு மோதலில் வண்டி நின்றுபோன ஓட்டுநர் ஒருவர், தன் வண்டியின் முன் பம்பரைக் கையில் எடுத்துக்கொண்டு பாதையோரம் காத்திருந்தார். தன்னை இடித்ததாக அவர் நினைத்தவர் சுற்றி வந்தபோது, ஓடும் வண்டியின்மேல் அதை வீசினார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தயத்துக்குப் பிறகு, யாரும் நுழையக் கூடாத அந்த வேலிக்குள் புகுந்து தாக்கினார். தகப்பனாரும் வந்து சேர்ந்துகொண்டார். இருவருக்கும் 15 ஆண்டுத் தடை விழுந்தது.

அந்தப் பம்பருக்கும் ஒரு விதி உண்டு. முன்பெல்லாம் முன்னால் போகிறவனை இடித்துத் தள்ளியே சிலர் முந்தினார்கள். அதைத் தடுக்க, இடித்தால் பம்பர் இருப்பிடத்தை விட்டு நகரும்படி அமைத்தார்கள். நகர்ந்த பம்பரோடு வந்தால் நேரத்தில் சில விநாடிகள் தண்டனை. மற்றவரை இடிக்காதிருப்பதற்காக வைத்த பொருளையே அவர் ஆயுதமாக எடுத்தார். ஆனால் அவரைப்பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அது நீதியாகாது. பிறகு அவர் வெளிப்படையாக மன்னிப்பு எழுதினார். சாக்குச் சொல்ல மாட்டேன், எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன், இனிமேல் பந்தயத்தில் இறங்கவே மாட்டேன் என்றார். அப்படி எழுதுவது எளிதல்ல.

முறையிட வழி இல்லாமல் இல்லை. குறித்த நேரத்துக்குள், எழுத்தில், இன்ன வண்டியில் இன்ன விதி மீறப்பட்டது என்று கையெழுத்திட்டு, கட்டணமும் கட்டிப் புகார் கொடுக்கலாம். எடை மேடையருகே கத்திய அந்தத் தகப்பனாரிடம் அதிகாரி அந்தத் தாளைத்தான் நீட்டினார். அவர் வாங்கவில்லை. வேலியோரம் பெயர் சொன்ன அவர் தாளில் பெயர் எழுத முன்வரவில்லை. மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர், குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் நீ தனியாகப் போ, பிறகு சாட்சிகளோடு போ, பிறகு சபையிடம் சொல் என்று படிப்படியாக ஒரு வழியைக் காட்டுகிறார். நாம் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம், அதுவும் சபைக்கு வெளியே, தேநீர்க் கடையில்.

அந்தச் சிறுவனின் கதை அதோடு முடியவில்லை. அடுத்த பந்தயம் முடிந்த வாரம் நம் பொறியாளர் திருப்பலிக்குப் பின் வந்து சொன்னார். அதே தகப்பனார் முந்தின நாளே தானாக எடை மேடைக்கு வந்திருக்கிறார். பிள்ளையைத் தலைக்கவசத்தோடு நிறுத்திப் பார்த்து, இருக்கைக்குப் பின்னால் இன்னொரு ஈயத் தகட்டை வைத்து முறுக்கியிருக்கிறார். பந்தயத்தில் பையன் ஐந்தாவதாக வந்தான். எடை ஒரு கிலோவுக்கு மேலேயே கூடுதலாக இருந்தது. "அப்பா, அந்தத் தகடு இல்லாமல் இருந்தால் நாலாவது வந்திருப்பேனே" என்று வேலிக்குள்ளிருந்தே பையன் கேட்டானாம். அப்பா ஏதோ பதில் சொன்னார். அடுத்த பந்தயத்துக்கு எஞ்சின்களைக் கிளப்பிவிட்டதால் அது தன் காதில் விழவில்லை என்றார் நம் பொறியாளர்.