'யெஸ் சார்' பட்ட பாடு



ஆரணியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, சென்னையில் ஓர் ஓட்டலில் பயிற்சிக்குச் சேர்ந்தவன் நான். ஆங்கில இலக்கணம் தலைகீழ்ப் பாடம். ஒருநாள் விடியற்காலை வெளிநாட்டு விருந்தினர் ஒருவர், "ஹாவன்ட் யூ கால்டு த டாக்ஸி?" என்றார். நான் கூப்பிடவில்லை. "யெஸ் சார்" என்றேன். நம்ம ஊரில் "இன்னும் சாப்பிடலையா?" என்றால் "ஆமாங்க, சாப்பிடலை" என்போமே, அந்தப் பழக்கம்! அவரோ டாக்ஸி வருகிறது என்று வாசலில் காத்திருந்து விமானத்தைத் தவறவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் செய்திருந்தால் யெஸ், செய்யாவிட்டால் நோ. ஜப்பானிய, கொரிய மொழிகளில் நம்மைப் போலத்தான் பதில் சொல்வார்கள். ஸ்ரீசிட்டிக்கும் ஒரகடத்துக்கும் வருகிற அவர்கள் "யெஸ்" என்றாலும் இன்னொரு தரம் கேட்டுவிடுங்கள்.

ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் "நோ சார், நாட் யெட். ஐ வில் கால் நவ்" என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள். பழக இடமா இல்லை? பழவேற்காடு போங்கள். 1613-ல் எழுந்த டச்சுக் கோட்டை இருந்த இடம், டச்சுக் கல்லறைகள், ஏரி எல்லாம் இருக்கின்றன. ஒருவர் வழிகாட்டி, மற்றவர் பயணி. பயணி "இஸ்ன்ட்", "டோன்ட்" என்றே மடக்கட்டும். திரும்பும்போது பஸ்ஸிலும் விடாதீர்கள். கண்டக்டர் சிரிப்பார், சிரிக்கட்டுமே!