பொறுப்பைப் பங்கு போட முடியுமா?



மைசூரில் வாழும் தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அவர்களைத் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் கண்ணம்பாடி அணை. கிருஷ்ணராஜ சாகரம் என்பது அதன் பெயர். பிருந்தாவனத்து நீரூற்றுகளையும் வண்ண விளக்குகளையும் கண்டு களிப்போர் பலர். அவற்றுக்குப் பின்னால் காவிரியைத் தாங்கி நிற்கும் கற்சுவரை நின்று நோக்குவோர் சிலரே. கூட்டு முயற்சியைப் பற்றி அந்தச் சுவர் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யாவின் திட்டப்படி 1911-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை இது. சுவரின் உயரம் சுமார் 130 அடி. நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல். சுட்ட செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குழைத்த சுர்க்கிச் சாந்தே அதன் கற்களைப் பிணைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் பாடுபட்ட அவ்வேலையில், ஒரு கொத்தனார், "இத்தனை பேர் கட்டும் சுவரில் என் பிழையா தெரியப் போகிறது?" என்று சாந்தை அரைகுறையாய்ப் பூசியிருந்தால் என்ன ஆகும்? மனிதர் கண்ணுக்கு அது தெரியாமற் போகலாம், தண்ணீர் கண்டுபிடித்துவிடும். நீருக்கு ஒரு விரற்கடை இடம் போதுமே!

சொத்தைப் பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்குதான். பொறுப்பு அப்படியன்று. பத்துப் பேர் அதை ஏற்றாலும் ஒவ்வொருவர் தலையிலும் முழுப் பொறுப்பும் இருக்கிறது.

இது தலைவருக்கும் பொருந்தும். மைசூர் சமஸ்தானத்தில் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் உருப்பெற்றது. அந்த மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது 1902-ஆம் ஆண்டில். அதைக் காண அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அந்த மின் நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் தடையின்றி நீர் கிடைக்கச் செய்வது, கண்ணம்பாடி அணையின் நோக்கங்களுள் ஒன்று. அணையைத் திட்டமிட்ட விசுவேசுவரய்யாவும் 1918-ல் திவான் பதவியைத் துறந்தார். அணை முழுமை பெற்றதோ 1930-களின் தொடக்கத்தில்தான். ஒருவர் தொடங்கியதை, "இது அவர் வேலை" என்று விட்டுவிடாமல், தம் வேலையாக ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தமையால் இரு பணிகளும் நிறைவேறின. தாம் இல்லாதபோதும் நடக்கும்படி பணியை அமைப்பது தலைவரின் கடமை. தாம் தொடங்காததையும் தம்முடையதென்று கருதுவது பின்வந்தோரின் கடமை.

பெரியவர்களின் கதை இருக்கட்டும். என் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சில தமிழ்க் குடும்பத்தார் கூடிப் பொங்கல் விழா ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். விழாவன்று குழந்தைகள் வேடம் புனைந்து வந்து நிற்கிறார்கள். மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. முன்பணம் கட்டப்படவே இல்லை. "அவர் கட்டுவார் என்று நினைத்தேன்" என்றார் ஒருவர். "அவர் சொல்வார் என்று இருந்தேன்" என்றார் மற்றவர். அப்போது எங்களுள் மூத்தவர், "யாரையும் கேட்க வேண்டாம். தலைமை ஏற்றவன் நான், விசாரிக்கத் தவறியவனும் நானே" என்றார். பூசல் அந்தக் கணமே அடங்கிற்று. பக்கத்து மைதானத்தில் ஜமக்காளம் விரித்து விழா நடந்தது.

ஆனால் என் மனம் அடங்கவில்லை. ரசீது வரவில்லை என்பது முதல்நாள் மாலையே எனக்குத் தெரியும். அது என் வேலையன்று என்று வாளா இருந்துவிட்டேன். அன்று அந்தப் பெரியவர் சுமந்த பழியில் என்னுடையதும் இருந்தது. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று அதைச் சொன்னேன். "அடுத்த முறை முதல்நாளே சொல்லிவிடுங்கள், தம்பி" என்றார், அவ்வளவுதான்.

ஊர் கூடித் தேர் இழுக்கும் காட்சியை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் சிலரே. "இத்தனை பேர் இழுக்கிறார்களே" என்று அவர் ஒரு கணம் அயர்ந்தால் தேர் வீட்டுச் சுவரில் மோதும். சொந்த ஊரை விட்டு வந்து, சங்கமென்றும் பள்ளியென்றும் விழாவென்றும் கூடி வாழும் நமக்கு இது மிகவும் தேவையான பாடம். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்வோம். குறை கண்டவர் அப்போதே வாய் திறப்போம். தவறு நேர்ந்தால் தலைவர் முதலில் முன்வரட்டும். அவரைத் தனியே நிற்க விடாமல் நாமும் உடன் நிற்போம்.