வீட்டுக்குள்ள ஒரு பீர் டேப்: முதல்ல கேஸ், அப்புறம் குளிர், கடைசியா லைன்

போன எபிசோடுல, நொதிச்சு முடிஞ்ச பீரை பாட்டில்ல அடைக்கிறதைப் பத்திப் பேசினேன். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "பாட்டில் கழுவிக் கழுவிக் கை ஓஞ்சு போச்சு. கடையில இருக்கிற மாதிரி வீட்டுலயே டேப் வெச்சுக்க முடியுமா? வீவக வீட்டுல அதுக்கு இடம் இருக்கா?"

முடியும், இடமும் இருக்கு. நான் நாலறை வீட்டுல, சமையலறைக்குப் பின்னால துணி காயப்போடுற இடத்தை ஒட்டி வெச்சிருக்கேன். ஏன் அந்த இடம்னு போகப் போகச் சொல்றேன். இன்னிக்குச் சொல்லப்போறதுல முக்கியமான விஷயமே அதுதான்.

முதல்ல சட்டம். சிங்கப்பூர்ல வீட்டுல பீர் தயாரிக்க 2004-லிருந்து அனுமதி இருக்கு. ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் உரிமம் வேண்டாம். 18 வயசு ஆகியிருக்கணும், சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், விக்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டுல இருந்து கேக்குறவங்க கவனிங்க: அங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டுல மது தயாரிக்கிறது குற்றம். நீங்க இதை ஒரு எஞ்சினியரிங் கதையாக் கேட்டுக்குங்க.

இந்த 30 லிட்டர் கணக்கு, என்ன சாமான் வாங்குறதுங்கிறதையும் முடிவு பண்ணுது. நாம பயன்படுத்துற கெக் பெரும்பாலும் 19 லிட்டர். குளிர்பானக் கம்பெனிகள் சிரப் அனுப்புறதுக்காக வந்த எஃகுப் பாத்திரம் அது. மூடி அகலமா இருக்கும், கையை விட்டுக் கழுவலாம். அதுல பாதி அளவு, 9.5 லிட்டர்லயும் கிடைக்குது. ரெண்டு டேப் வேணும்னா ரெண்டு பெரிய கெக் வாங்காதீங்க. ஒரே மாசத்துல ரெண்டையும் நிரப்பினா 38 லிட்டர், சட்டத்தைத் தாண்டிடும். ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. மொத்தம் 28.5 லிட்டர். சரியா அடங்கும்.

இனி அமைப்பு. ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி. உள்ளே கெக். கரியமில வாயு சிலிண்டர், அதன் தலையில ரெகுலேட்டர். ரெகுலேட்டர்ல இருந்து கெக்குக்கு ஒரு கேஸ் லைன், கெக்ல இருந்து டேப்புக்கு ஒரு பீர் லைன். கேஸ் பீரை அழுத்தும், பீர் லைன் வழியா ஏறி டேப்புல வரும். இவ்வளவுதான். ஆனா எல்லாரும் ஆசையா முதல்ல வாங்குறது டேப்பு. வேலையை அங்கே ஆரம்பிக்காதீங்க. முதல்ல கேஸ், அப்புறம் குளிர், கடைசியா லைன். இந்த வரிசையில போங்க.

கேஸை ஏன் முதல்ல வைக்கிறேன்னா, மத்ததுல தப்பு நடந்தா பீர்தான் கெடும். இதுல தப்பு நடந்தா ஆளுக்கு ஆபத்து.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வழக்கமா வாங்குற சிலிண்டர்ல 2.27 கிலோ கேஸ் இருக்கும், அதாவது 5 பவுண்டு. அது வெளியே வந்தா ஏறத்தாழ 1,250 லிட்டர், ஒண்ணேகால் கன மீட்டர். உங்க படுக்கையறை 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.6 மீட்டர்னு வைங்க. உள்ளே 23 கன மீட்டர் காத்து. ராத்திரி ஜன்னலைச் சாத்திட்டு ஏர்கான் போடுறோம். நம்ம வீட்டு ஏர்கான் வெளிக்காத்தை உள்ளே இழுக்காது, இருக்கிற காத்தையே சுத்திச் சுத்திக் குளிர வைக்கும். எங்கேயோ ஒரு வாஷர் விட்டுப்போய், விடியுறதுக்குள்ள சிலிண்டர் காலியாச்சுன்னா அந்த அறையில கரியமில வாயு 5 சதவீதம் வரைக்கும் போகலாம். உயிருக்கு உடனடி ஆபத்துன்னு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிற அளவு 4 சதவீதம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், அதனால தாழத் தேங்கும். தரையில மெத்தை போட்டுப் பிள்ளைகள் படுக்கிற வீடா இருந்தா யோசிச்சுப் பாருங்க.

இப்போ பாம் ஷெல்ட்டருக்கு வருவோம். பல வீவக வீடுகள்ல அதுதான் சாமான் அறை. "அங்கே வெச்சா யாருக்கும் இடைஞ்சல் இல்லையே"ன்னு நிறைய பேருக்குத் தோணும். தடிமனான கான்கிரீட் சுவர், இறுக மூடுற எஃகுக் கதவு. 2 சதுர மீட்டர் ஷெல்ட்டர்ல 5 கன மீட்டர் காத்துதான் இருக்கும். அதே சிலிண்டர் அங்கே காலியானா, அறைக் காத்துல ஐந்துல ஒரு பங்கு கரியமில வாயு. கதவைத் திறந்து உள்ளே போறவர் ரெண்டு மூச்சுல சுருண்டு விழலாம். அதனால ஷெல்ட்டர்ல வேண்டாம், படுக்கையறையில வேண்டாம், கதவு மூடுற எந்தச் சின்ன அறையிலயும் வேண்டாம். ஜன்னல் எப்பவும் திறந்திருக்கிற சமையலறைப் பின்பக்கம்தான் சரி. நான் அங்கே வெச்சதுக்குக் காரணம் இதுதான்.

கூடவே மூணு பழக்கம். ஒண்ணு, கரியமில வாயுவை அளந்து சத்தம் போடுற ஒரு மீட்டரைத் தரையில இருந்து முழங்கால் உயரத்துல வைங்க. புகை அலாரம் இந்த வேலையைச் செய்யாது. ரெண்டு, சிலிண்டரை நிமிர்த்தி வெச்சுக் கட்டி வைங்க. மூணு, பீர்ல கேஸ் ஏறி முடிஞ்ச பிறகு, படுக்கப் போகும்போது சிலிண்டர் வால்வை மூடிடுங்க. கெக் மூடித்தான் இருக்கு, பீர்ல இருக்கிற கேஸ் எங்கேயும் போகாது.

கசிவு பார்க்கிறது எப்படி? காலி கெக்கை மாட்டி 30 பிஎஸ்ஐ கொடுங்க. மூடி நல்லா உக்காரும். சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்புலயும் தெளிங்க. குமிழி வந்தா கசிவு. அப்புறம் சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டர் முள் எங்கே நிக்குதுன்னு குறிச்சு வெச்சு, காலையில பாருங்க. முள் இறங்கக் கூடாது. இதைப் பீர் இருக்கிற கெக்ல செய்யாதீங்க. பீர் கேஸை உறிஞ்சும், கசிவே இல்லாட்டியும் முள் இறங்கும். இன்னொண்ணு, சிலிண்டர்ல எவ்வளவு மிச்சம்னு ரெகுலேட்டர் காட்டாது. உள்ளே திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் பெரிசா மாறாது. தராசுல வைங்க. காலி எடை சிலிண்டர் கழுத்துல பொறிச்சிருக்கும்.

அடுத்தது குளிர். பெட்டியில ஓட்டை போடணும்னா கதவுலதான் போடணும். பக்கச் சுவருக்குள்ள குளிரூட்டி வாயு ஓடுற மெல்லிய குழாய் இருக்கலாம். இப்போ வர்ற நிறையப் பெட்டிகள்ல அந்த வாயு ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற ரகம். கதவுல பொதுவா அந்தக் குழாய் வராது. டேப்போட கழுத்துக்கு 22 மில்லிமீட்டர் ஓட்டை போதும்.

பெட்டிக்குள்ள 3, 4 டிகிரியில நிறுத்துங்க. காத்தோட வெப்பத்தை அளக்காதீங்க. ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு ஒரு ராத்திரி வெச்சு அளங்க. பீர் குளிர்ந்தாத்தான் கேஸைப் பிடிச்சு வெச்சுக்கும். 3 டிகிரியில 12 பிஎஸ்ஐ கொடுத்தா, ஒரு லிட்டர் பீர்ல இரண்டரை லிட்டர் கேஸ் கரையும். நாம குடிச்சுப் பழகின அளவு அது. அதே 12 பிஎஸ்ஐ 20 டிகிரியில ஒன்றரை லிட்டர் சொச்சம்தான் கரைக்கும். பீர் சப்புன்னு இருக்கும். 12-ல வெச்சுட்டு ஒரு வாரம், பத்து நாள் கையை வைக்காம இருக்கிறதுதான் நல்ல வழி.

கடைசியா லைன். கெக்ல 12 பிஎஸ்ஐ இருக்கு, வெளியே ஒண்ணும் இல்ல. லைன் குட்டையா இருந்தா பீர் பாஞ்சு வந்து, கரைஞ்ச கேஸ் எல்லாம் ஒரே நேரத்துல பிரிஞ்சு டம்ளர் முழுக்க நுரையாயிடும். லைன் நீளமா இருந்தா, உரசி உரசி வேகம் குறையும். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் வினைல் லைன்னா 3 மீட்டர்ல ஆரம்பிங்க. சுருட்டிக் கெக் மேலேயே வெச்சிடலாம். ரொம்ப மெதுவா வந்தா கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக் குறைங்க. நுரை வருதேன்னு அழுத்தத்தைக் குறைக்காதீங்க. அன்னிக்கு அடங்கின மாதிரி இருக்கும், ஒரு வாரத்துல பீர் சக்தியிழந்து போயிடும்.

நுரையை வெச்சே நோயைக் கண்டுபிடிக்கலாம். முதல் டம்ளர் மட்டும் நுரை, ரெண்டாவது சரின்னா, டேப்பும் மேல்லைனும் சூடா இருக்கு. நம்ம ஊர் 31, 32 டிகிரியில இது சகஜம். பெட்டி மேல டவர் வெச்சவங்க உள்ளேயிருந்து ஒரு சின்ன ஃபேனால குளிர்காத்தை மேலே ஏத்தணும். கதவுல டேப் வெச்சா இந்தத் தொல்லை குறைவு. எல்லா டம்ளரும் நுரைன்னா கேஸ் அதிகம், இல்ல லைன் குட்டை. லைனுக்குள்ள குமிழி ஓடுதுன்னா கெக்ல ஒரு ஓ-ரிங் தேஞ்சிருக்கு. டேப்பைப் பாதியாத் திறந்தாலும் நுரைதான். ஒரே இழுப்புல முழுசாத் திறங்க.

சுத்தம் பத்தி ஒரு வார்த்தை. பீர்ல வெண்ணெய் வாசனையோ காடி வாசனையோ திடீர்னு வந்தா, மால்ட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி லைனைப் பாருங்க. அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கம் கடைகளுக்குச் சொல்றது, 14 நாளைக்கு ஒருமுறை காரக் கரைசல்ல 15 நிமிஷம் லைன் கழுவணும்னு. மூணு மாசத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல். வீட்டுல ஒவ்வொரு கெக் தீரும்போதும் கண்டிப்பாக் கழுவுங்க, டேப்பைக் கழட்டியும் கழுவுங்க. பாட்டில் 50 கழுவுறதுக்கு இது ஒண்ணுமே இல்ல.

செலவைப் பத்திக் கேட்டிருந்தீங்க. பழைய பெட்டி, பழைய கெக் வாங்கலாம், தப்பில்ல. ரெகுலேட்டரையும் ஓ-ரிங்குகளையும் மட்டும் புதுசா வாங்குங்க. சிலிண்டர் பழசுன்னா, அதுல பொறிச்சிருக்கிற அழுத்தச் சோதனைத் தேதியைப் பார்க்காம எடுக்காதீங்க. டேப்பு எவ்வளவு பளபளப்பா வேணும்கிறதை மிச்சக் காசு முடிவு பண்ணட்டும்.

அடுத்த எபிசோடுல, நம்ம ஊர் வெப்பத்துல ஈஸ்ட்டை எப்படிக் கட்டுப்படுத்துறதுன்னு பேசுவோம். அதுக்கு முன்னாடி, ஏற்கனவே டேப் வெச்சிருக்கிறவங்க இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. சிலிண்டர் எந்த அறையில இருக்குன்னு பாருங்க, அந்த அறையோட ஜன்னல் திறந்திருக்கான்னு பாருங்க.