பீட்டரின் வெண்பனி



புல்நுனியில் நிற்கும் துளியையும் பனி என்கிறோம். விடியலில் வழியை மறைப்பதையும் பனி என்கிறோம். இமயத்தில் உறைந்து கிடப்பதற்கும் அதுவே பெயர். பெரும்பொழுது ஆறனுள் முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கிய நம் முன்னோர், வானிலிருந்து பஞ்சுபோல் உதிரும் பனிக்குத் தனிப்பெயர் வழங்கவில்லை. அது அவர்கள் முற்றத்தில் விழவில்லை, அவ்வளவுதான்.

அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துப் பழகிய என்னை, குழந்தை நூல் ஒன்று இச்சொல்லிடத்தில் நிறுத்திவிட்டது. எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி, தாமே படமும் அமைத்து, 1962-இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'தி ஸ்னோயி டே' என்பதே அது. போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோரின் மகனாக, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1916-இல் பிறந்தவர் கீட்ஸ். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை என்றால், நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

கதை மிகச் சிறிது. பீட்டர் என்னும் சிறுவன் காலையில் விழித்துச் சன்னல் வழியே பார்க்கிறான்; இரவோடிரவாகத் தெருவெல்லாம் வெண்மை. சிவப்பு அங்கி அணிந்து புறப்படுகிறான். காலடித் தடம் பதிக்கிறான். கோலால் மரத்தைத் தட்டித் தலைமேல் பனியைக் கொட்டிக்கொள்கிறான். ஓர் உருண்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி வீடு திரும்புகிறான். உறங்குமுன் பையைத் துழாவினால், அது வெறுமையாக இருக்கிறது.

பீட்டர் கறுப்பினச் சிறுவன். அத்தகைய குழந்தை கதைத்தலைவனாக வருவது அந்நாளைய அமெரிக்கப் படநூல்களில் அரிது. நூலின் வாசகத்திலோ அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுவே அதன் பெருமை என்பேன். 1963-இல் இந்நூலுக்குக் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகத்தின் 125 ஆண்டு வரலாற்றில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட நூல் இதுவே என 2020-இல் அந்நூலகம் அறிவித்தது.

மாட்டுங்காவில் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்கு இதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் தமிழ் பேசுபவள். தமிழ் எழுத்து அறியாதவள். 'வெண்பனி' என்றேன். அவள் படத்தைப் பார்த்து, “மாமா, இது கோலாக்காரர் சீவுற ஐஸா?” என்றாள். பாகு ஊற்றுமுன் கோலா வண்டியில் குவியும் அந்த வெள்ளைத் துருவலைவிடப் பொருத்தமான உவமை எந்த அகராதியிலும் எனக்குக் கிடைத்திராது.

பனியை நீக்கிவிட்டு மழையை வைத்துத் தழுவி எழுதலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. வெண்பனி ஓசையின்றி வருவது. மும்பை மழையோ தகரக் கூரையை அறைந்துகொண்டு வருவது. மழையை உருட்டிப் பையில் வைக்கவும் இயலாது. வெற்றுப் பை இல்லையேல் பீட்டரின் கதையே இல்லை.

ஆனால், நம் முதல் மழைக்குத் தனியே ஒரு நூல் வேண்டும். நாட்டுவழக்கில் அடைமழைக்கு உரிய மாதம் ஐப்பசி. தாராவியில் பிறந்த குழந்தை காணும் மழையோ வைகாசி முடியுமுன்பே வந்துவிடும்; மும்பையில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் சூன் 11 என வானிலைத் துறை குறித்திருக்கிறது. கூரைகளில் நீலத் தார்ப்பாய் ஏறுகிறது. கும்பார்வாடாவில் குயவர்கள் உலரவைத்த பானைகளை அவசரமாக உள்ளே எடுக்கிறார்கள். தொண்ணூறடிச் சாலையில் முழங்கால் நீர். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நேரமும் அதுவே. இவையனைத்தையும் அக்குழந்தை தமிழிலேயே தாயிடம் சொல்கிறது. படித்தறியத்தான் அதற்குப் பக்கம் இல்லை.

படம் வரையத் தெரிந்த நேயர்கள் தாராவியிலும் செம்பூரிலும் இருப்பீர்கள். கீட்ஸ் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டியும், பல்துலக்கும் தூரிகையால் மையைத் தெறித்துமே தம் படங்களை ஆக்கினார். பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பக்கத்துக்கு இரண்டு வரி போதும். நம் சிறுவனின் மழைச்சட்டையும் சிவப்பாகவே இருக்கட்டும்.