அசலா, மாற்றா? பழைய மடிக்கணினிக்குப் புதிய பேட்டரி



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு சிறியது போலத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் பலரின் கைப்பணத்தையும், சில வேளை உயிரையும் தொடுகின்ற தலைப்பு இது. ஐந்தாறு ஆண்டு உழைத்த மடிக்கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது. ஆனால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினால் இருபது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. பிள்ளை அதைக் கல்லூரிக்கு எடுத்துப் போக முடியவில்லை. புதுக் கணினி வாங்க இரண்டாயிரம், மூவாயிரம் ரிங்கிட் வேண்டும். சரி, பேட்டரியை மட்டும் மாற்றுவோம் என்று கடைக்குப் போகிறோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். "இது ஒரிஜினல், அது ஓ.இ.எம்." என்கிறார். ஒன்றின் விலை மற்றதைவிட இரு மடங்கு. எதை வாங்குவது?

இங்கேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ஓ.இ.எம். என்ற சொல்லுக்கு அசல் தயாரிப்பாளர் என்றுதான் பொருள். ஆனால் நம் ஊர்க் கடைகளில், கணினி நிறுவனம் அல்லாத வேறொருவர் செய்த பொருளுக்கே அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். ஆகவே பெட்டிக்குச் சூட்டிய பெயரை நம்பி முடிவு செய்யக் கூடாது.

பேட்டரி ஏன் மூப்படைகிறது?

மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்கு அடிப்படை அமைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் உள்ளே இரண்டு முனைகள். அவற்றுக்கு நடுவே, ஒன்றையொன்று தொடாமல் காக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். மின்னேற்றும் போது லித்தியம் ஒரு பக்கம் போகிறது, பயன்படுத்தும் போது திரும்பி வருகிறது. இப்படிப் போய் வரும் வழியில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் சிக்கி நின்றுவிடுகிறது. அதுதான் மூப்பு.

இதில் நாம் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இந்தப் பேட்டரிக்கு வயதாகும். வெப்பம் கூடினால் அந்த மூப்பு விரைவாகும். நம் நாட்டுச் சூட்டைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டல்ல, மூன்று

அசல், மாற்று என்று இரண்டு வகைதான் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மூன்று. முதலாவது, கணினி நிறுவனமே தன் பெயரில், தன் சேவை மையம் வழியாக விற்கும் அசல். இரண்டாவது, வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரை அச்சிட்டு, "இன்ன கணினிக்குப் பொருந்தும்" என்று சொல்லி விற்கும் மாற்றுப் பேட்டரி. மூன்றாவது, யாரோ செய்து, கணினி நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டிய போலி.

நம்மில் பலர் மூன்றாவதை வாங்கிவிட்டு, முதலாவதை மலிவாக வாங்கியதாக மகிழ்கிறோம். அல்லது மூன்றாவதால் ஏமாந்துவிட்டு, இரண்டாவதைத் திட்டுகிறோம். மாற்றுத் தயாரிப்பு என்பதாலேயே ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. தன் பெயரைப் போட்டு விற்பவனுக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் கவலை இருக்கும். பிறர் பெயரில் விற்பவனுக்கு அந்தக் கவலை எதற்கு?

போலியில் பொதுவாக எங்கே பணத்தை மிச்சம் பிடிப்பார்கள்? பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்களுக்குப் புது உறை போடுவார்கள். சூட்டை உணர்ந்து மின்னேற்றத்தை நிறுத்தும் கருவியை மலிவானதாக வைப்பார்கள். செல்கள் எல்லாம் சமமாக நிரம்பும்படி பார்த்துக்கொள்ளும் சுற்றை விட்டுவிடுவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மெல்லிய படலம் உள்ளே கிழிந்தால் சூடு சூட்டைப் பெருக்கும், பேட்டரி தீப்பிடிக்கும். அதுவும் பிள்ளைகள் படுக்கையில் வைத்துப் பாடம் படிக்கும் பொருள் அது.

2006 கற்றுத் தந்த பாடம்

அப்படியானால் அசல் வாங்கினால் ஆபத்தே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். 2006-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆகஸ்டு மாதம் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. இரண்டிலும் இருந்தவை சோனி செய்த செல்கள். செய்யும் போது நுண்ணிய உலோகத் துகள்கள் உள்ளே கலந்துவிட்டன. வேறு நிறுவனங்களும் சேர்ந்து, மொத்தம் சுமார் 96 லட்சம் பேட்டரிகள் திரும்பின. அவை அத்தனையும் அசல்!

ஆக, அசலிலும் பிழை வரும். பிறகு அசலுக்கு ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? பிழை வந்தபோது அவர்கள் எண்ணைப் பார்த்துச் சரிபார்த்து, இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2019-லும் ஆப்பிள் ஒரு வகை மேக்புக் ப்ரோ கணினிகளுக்கு அப்படியே செய்தது. போலிப் பேட்டரியில் பிழை இருந்தால் யார் நம்மைத் தேடி வருவார்? அதிக விலையின் பெரும் பகுதியை இந்தப் பொறுப்புக்காகத்தான் கொடுக்கிறோம். ஆகவே, அசலா மாற்றா என்று கேட்பதற்கு முன்னால், இதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்று கேளுங்கள். என் பேச்சின் சாரம் அவ்வளவுதான்.

அசல் என்றாலும் தேதியைப் பாருங்கள்

உங்கள் கணினிக்கு மூன்று, நான்கு வயதுதான் என்றால், நிறுவனம் இன்னும் புதிதாகப் பேட்டரி கொடுக்கிறது என்றால், தயங்காமல் சேவை மையத்தில் அசலையே வாங்குங்கள். கணினிக்கு எட்டு, பத்து வயது என்றால் கதை வேறு. அந்த அசல் பேட்டரி செய்யப்பட்டே ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அது பெட்டி திறக்காத புதுப் பொருளாக இருக்கலாம். ஆனால் உள்ளே அது முதியவர். அப்படிப்பட்ட இடத்தில், கடந்த ஓராண்டுக்குள் செய்யப்பட்ட, பெயர் பெற்ற மாற்றுப் பேட்டரியே சிறந்தது. எதை வாங்கினாலும் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள்.

இன்னொன்று. சில கணினிகள் அந்நியப் பேட்டரியை ஏற்பதில்லை. 2012-ல் வெளிவந்த திங்க்பேட் டி430, எக்ஸ்230 போன்றவை, அசல் அல்லாத பேட்டரியை அடையாளம் கண்டு மின்னேற்ற மறுக்கும். வாங்குவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். கணினியைக் கையோடு எடுத்துச் சென்று கடையிலேயே பொருத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

அளந்து பாருங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பேட்டரி வாங்குவதற்கும் அது பொருந்தும். உறையில் மூன்று எண்கள் இருக்கும். வோல்ட், மில்லி ஆம்பியர் மணி, வாட் மணி. முதல் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் மூன்றாவது வர வேண்டும். 10.8 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர் மணி என்றால் சுமார் 48 வாட் மணி. அங்கே 70 என்று அச்சிட்டிருந்தால், அச்சிட்டவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கழற்றி மாட்டும் தடித்த பேட்டரிகளின் உள்ளே பெரும்பாலும் 18650 எனப்படும் உருளைச் செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். இவ்வகையில் மிகச் சிறந்த செல்லே ஏறக்குறைய 3500 மில்லி ஆம்பியர் மணிதான் தரும். ஆறு செல் கொண்ட 10.8 வோல்ட் பேட்டரியில் இரண்டிரண்டாக இணைத்திருப்பார்கள். ஆகவே 7000-க்கு மேல் போவது கடினம். இணையத்தில் அதே அளவுப் பேட்டரிக்கு 9000 என்று விளம்பரம் செய்தால் அது வெறும் எழுத்து. எடையும் பேசும். ஒரு செல் சுமார் 45 கிராம். ஆறு செல்லும் உறையும் சேர்ந்தால் 300 கிராம் அளவில் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 200 கிராம் காட்டினால், உள்ளே இருக்க வேண்டியது இல்லை என்று பொருள். மெல்லிய கணினிகளின் தட்டைப் பேட்டரிக்கு இந்த எடைக் கணக்கு பொருந்தாது. அவற்றைக் கழற்றுவதும் மாட்டுவதும் பழகிய தொழில்நுட்பரின் வேலை.

கணினிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா?

பணம் கொடுக்கும் முன் இதையும் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க, இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது வந்தது 2017-ல். அதற்கு முந்திய கணினிக்கு விலை உயர்ந்த பேட்டரி வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை போடுவது போலாகும். லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் நடுத்தர விலை மாற்றுப் பேட்டரி போதும். கணினி மேசையை விட்டு நகரவே போவதில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்திலேயே பல கணினிகளை ஓட்டலாம். ஒன்றும் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான்.

வாங்கிய பிறகு

முதல் சில மின்னேற்றங்களை வீட்டில் ஆள் இருக்கும் போது, விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். சிமெண்டு அல்லது ஓட்டுத் தரையில், அல்லது மேசையில் வையுங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணினி காட்டும் அளவைப் பேட்டரியிலுள்ள சில்லுதான் சொல்கிறது. சில்லு பொய் சொல்லலாம், கடிகாரம் சொல்லாது.

பழைய பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், மின்னேற்றாதீர்கள். வீட்டுக் குப்பையில் போடவே கூடாது. குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். மின்னியல் கழிவுகளை எங்கே சேகரிக்கிறார்கள் என்று உங்கள் நகராண்மைக் கழகத்தில் கேட்டு, அங்கே கொடுங்கள்.

ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்

ரசீதில் கடையின் பெயர், பதிவு எண், பேட்டரியின் பெயர், உத்தரவாத காலம் நான்கும் எழுதி வாங்குங்கள். "ஒரிஜினல்" என்று வாயால் சொன்னவரை அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் புகார் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது தேவை, எதிர்த்தரப்பு யார் என்பது தெரிய வேண்டும். முகவரியே இல்லாத இணைய விற்பனையாளரிடம் வாங்கினால் யார் மீது புகார் செய்வீர்கள்?

நேயர்களே, வசதி உள்ளவர் அசல் வாங்கட்டும், வசதி குறைந்தவர் மாற்று வாங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்லவில்லை. கணினியின் வயதைப் பாருங்கள், பேட்டரியின் தேதியைப் பாருங்கள், பொறுப்பேற்பவரின் பெயரைப் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மாற்றுப் பேட்டரியும் நல்ல பேட்டரியே. இவற்றில் பெயர் மட்டும் பொய் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தப் பொருள் வீட்டுக்குள் வர வேண்டாம்.